கிராபிக்ஸ் கார்டு மைனிங் ரிக்: அமைப்பும் இலாபக் கணக்கும்

கிராபிக்ஸ் கார்டு மைனிங் ரிக் என்பது, ஒரே மதர்போர்டில் பல கிராபிக்ஸ் கார்டுகளை இணைத்து, கிரிப்டோ நாணய வலையமைப்புகளுக்கான கணக்கீடுகளை இரவு பகலாகச் செய்யவைக்கும் கணினி அமைப்பு ஆகும். வீட்டில் வைக்கப்படும் ரிக்குகளில் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு கார்டுகள் இருக்கும். செய்யும் கணக்கீட்டுக்கு ஈடாக அந்த வலையமைப்பின் நாணயம் கூலியாகக் கிடைக்கிறது. 2015 முதல் 2022 வரை உலகெங்கும் வீடுகளில் இத்தகைய ரிக்குகள் ஓடின. ரிக்கை எப்படிப் பூட்டுவது என்பதைப் பலரும் விளக்கியிருக்கிறார்கள். அதில் இலாபம் வருமா என்பதை மின்கட்டண அட்டையை அருகில் வைத்துக்கொண்டு விளக்கியவர்கள் குறைவு. இக்கட்டுரை இரண்டையும் சொல்கிறது. கணக்குக்கு விருதுநகர் மாவட்டம், அருப்புக்கோட்டைக்குத் தெற்கே தூத்துக்குடி சாலையில் உள்ள பந்தல்குடியில் ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம்.

சுரங்கம் என்னும் சொல்

பந்தல்குடியில் சுரங்கம் என்றால் ராம்கோ சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் சுண்ணாம்புக்கல் சுரங்கம்தான் நினைவுக்கு வரும். இங்கே வெட்டப்படும் கல் விருதுநகர் அருகேயுள்ள ஆர்.ஆர். நகர் சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. கிரிப்டோ மைனிங்குக்கும் தமிழில் சுரங்கம் தோண்டுதல், அகழ்தல் என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஆனால் இரண்டுக்கும் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. கல் சுரங்கத்தில் கூடுதலாக ஒரு இயந்திரத்தை இறக்கினால் கூடுதலாகக் கல் வரும். கிரிப்டோவில் அப்படியில்லை. ஒரு நாளைக்கு எத்தனை நாணயம் வெளியாக வேண்டும் என்பது நிரலிலேயே ஏறத்தாழ முடிவாகிவிட்டது. உலகில் ஒரு கார்டு ஓடினாலும், ஒரு கோடி கார்டு ஓடினாலும் அதே அளவுதான் வெளியாகும். புதிதாக ஒருவர் சேர்ந்தால் மற்ற எல்லோருடைய பங்கும் கொஞ்சம் குறையும்.

இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் கணக்கு முழுவதும் புரிந்துவிடும்.

வேலை எப்படி நடக்கிறது

வலையமைப்பில் நடக்கும் பரிமாற்றங்கள் தொகுதி தொகுதியாகப் பதிவாகின்றன. ஒரு தொகுதியைப் பதிவேட்டில் சேர்க்கும் உரிமையைப் பெற, அத்தொகுதியின் தரவோடு ஓர் எண்ணைச் சேர்த்து ஹாஷ் எனப்படும் கணக்கில் இட வேண்டும். விடை குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே வர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த எண். அதுவும் இல்லையென்றால் அதற்கடுத்தது. குறுக்குவழி கிடையாது, பூட்டுக்குச் சாவி தெரியாமல் கொத்துச்சாவியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது போன்ற வேலை. ஒரு நொடியில் எத்தனை முறை போட்டுப் பார்க்க முடிகிறது என்பதே ஹாஷ் வேகம். பத்து லட்சம் முயற்சிகள் ஒரு மெகாஹாஷ். ஒரு லட்சம் கோடி முயற்சிகள் ஒரு டெராஹாஷ். ஓடும் இயந்திரங்கள் கூடினால் வலையமைப்பு தானாகவே வரம்பை இறுக்கிக்கொள்ளும். இதற்குக் கடினநிலை என்று பெயர்.

2009இல் பிட்காயின் தொடங்கியபோது சாதாரண செயலியே போதுமானதாக இருந்தது. 2010இல் கிராபிக்ஸ் கார்டு வந்தது. ஆயிரக்கணக்கான சிறு கணக்கீட்டு அலகுகள் கொண்ட கார்டுக்கு, ஒரே மாதிரியான எளிய வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது கைவந்த கலை. 2013 முதல் பிட்காயினுக்கென்றே வடிவமைக்கப்பட்ட ஏசிக் சில்லுகள் வந்து கார்டுகளை வெளியேற்றிவிட்டன. இன்று கிராபிக்ஸ் கார்டால் பிட்காயினை நேரடியாக மைனிங் செய்வதில் பொருளில்லை.

கார்டுகளுக்கு மறுவாழ்வு கொடுத்தது 2015 ஜூலை 30 அன்று தொடங்கிய எதீரியம். அதன் ஈதாஷ் முறை, டாக் எனப்படும் பெரிய தரவுக் கோப்பைக் கார்டின் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஓயாமல் படிக்கச் சொல்லும். வேகத்தைத் தீர்மானித்தது கணக்கிடும் திறனைவிட நினைவகத்தின் அகலம்தான். தொடக்கத்தில் 1 ஜிபி இருந்த கோப்பு சிறிது சிறிதாக வளர்ந்து, 2020 டிசம்பரில் 4 ஜிபி கார்டுகளின் கொள்ளளவைத் தாண்டியது. அன்றுவரை நன்றாக ஓடிய கார்டுகள் கெட்டுப்போகாமலேயே பயனற்றுப் போயின. இத்தொழிலில் இயந்திரம் தேய்ந்து சாவதில்லை என்பதற்கு இது முதல் எடுத்துக்காட்டு. இரண்டாவது எடுத்துக்காட்டு கீழே வருகிறது. அது இதைவிடப் பெரியது.

ரிக்கின் பாகங்கள்

அக்காலத்தில் அதிகம் பயன்பட்ட ஏஎம்டி ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி கார்டுகள் ஆறு கொண்ட ரிக்கை எடுத்துக்கொள்வோம். மதர்போர்டில் ஆறு பிசிஐ துளைகள் வேண்டும். அஸ்ராக் எச்110 ப்ரோ பிடிசி+ போன்ற பலகைகள் மைனிங்குக்கென்றே 13 துளைகளோடு வந்தன. செயலி மலிவானதாக இருக்கலாம். 4 அல்லது 8 ஜிபி ரேம், சிறிய எஸ்எஸ்டி போதும். இவற்றுக்கு அதிகம் செலவிடுவது வீண்.

கார்டுகள் நேரடியாகப் பலகையில் உட்காராது. ஒவ்வொன்றும் ரைசர் என்னும் சிறு பலகையில் நின்று, யுஎஸ்பி கேபிள் வழியாக மதர்போர்டோடு பேசும். ரிக்கில் தீப்பிடிக்கும் இடம் பெரும்பாலும் இந்த ரைசர்தான். கார்டு தன் துளை வழியாக 75 வாட் வரை இழுக்கலாம். ஹார்டு டிஸ்குக்கான சாட்டா மின் இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட் வரைதான் தாங்கும். ரைசரோடு இலவசமாக வரும் சாட்டா மாற்றுக் கேபிளைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனால், காலையில் உருகிய பிளாஸ்டிக் வாசனை வரும். மின்வழங்கியிலிருந்து நேராக வரும் 6 முள் கேபிளையே ரைசருக்குக் கொடுக்க வேண்டும்.

மின்வழங்கியின் அளவை இப்படிக் கணக்கிடலாம். சீர்செய்த பிறகு ஒரு கார்டு சுமார் 120 வாட் இழுக்கும். ஆறுக்கு 720. மதர்போர்டு, செயலி, ரைசர், விசிறிகளுக்கு 80. மொத்தம் 800 வாட். 80 பிளஸ் கோல்டு தர மின்வழங்கி ஏறத்தாழ 90 விழுக்காடு திறனில் ஓடும் என்பதால் சுவரிலிருந்து 900 வாட் போகும். மின்வழங்கியை அதன் முழுத் திறனில் ஓட்டக்கூடாது. 1,200 வாட் உடையதை வாங்குவது முறை.

சட்டத்துக்கு அலுமினியம் கோணமோ இரும்பு ஆங்கிளோ போதும். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் அரை நாள் வேலை. கார்டுகளுக்கு இடையே நான்கு விரல் இடைவெளி இருக்க வேண்டும்.

மென்பொருளில் விண்டோஸைவிட ஹைவ்ஓஎஸ் போன்ற மைனிங் இயங்குதளங்கள் வசதியானவை. கார்டின் மையச் சில்லின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்து, நினைவகத்தின் வேகத்தைக் கூட்டுவது முக்கியமான சீரமைப்பு. இப்படிச் செய்தால் ஆர்எக்ஸ் 580 ஈதாஷில் சுமார் 30 மெகாஹாஷ் தரும். மின்செலவும் கணிசமாகக் குறையும். ஆறு கார்டுகளுக்கு 180 மெகாஹாஷ். இந்த வேகத்தோடு தனியாக ஓடினால் ஒரு தொகுதி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே எல்லோரும் பூல் எனப்படும் கூட்டில் சேர்ந்து, செய்த வேலையின் விகிதத்தில் பங்கு பெறுவார்கள். கூட்டு நடத்துபவர் சிறு கழிவு எடுத்துக்கொள்வார்.

கரிசல் காட்டில் ஒரு ரிக்

மேலே சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். பந்தல்குடி, திருச்சுழி போன்ற வறண்ட நிலத்தில் மேலும் சில தொல்லைகள் உண்டு. முதலாவது வெப்பம். 900 வாட் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் அறையில் விழுகிறது. அயர்ன் பாக்ஸ் ஒன்றை நாள் முழுக்க அணைக்காமல் வைத்திருப்பதற்கு இது சமம். வெளியே 40 பாகை கொதிக்கும் சித்திரை, வைகாசியில் ஜன்னலைத் திறந்து வைப்பதால் பெரிய குளிர்ச்சி கிடைக்காது. ஏசி போட்டால் அதன் மின்செலவும் கணக்கில் ஏறும். ஒருபுறம் காற்று உள்ளே வரவும் மறுபுறம் எக்ஸாஸ்ட் விசிறி வெப்பத்தை வெளியே தள்ளவும் வழிசெய்து, கோடைப் பகலில் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதே நடைமுறை.

இரண்டாவது தூசி. கரிசல் மண்ணின் நுண்துகள் காற்றுக் காலத்தில் எல்லாவற்றிலும் படியும். ஈரம் பட்டால் களியாக ஒட்டும் மண் இது. மாதம் ஒருமுறையாவது புளோயர் அடிக்காவிட்டால் விசிறியின் பேரிங் போய்விடும்.

மூன்றாவது எர்த்திங். நிலம் காய்ந்துபோன மாதங்களில் எர்த் குழியின் மின்தடை ஏறிவிடும். கரியும் உப்பும் போட்ட குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுவது பழைய வழக்கம். இருபத்துநான்கு மணி நேரமும் சுமை இருக்கும் வீட்டில் அதை விடக்கூடாது. பம்புசெட்டுகள் ஒன்றாக ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைசரும் வேண்டும்.

மின்கட்டணக் கணக்கு

900 வாட் ரிக் ஒரு நாளைக்கு 21.6 யூனிட் செலவழிக்கும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், 60 நாளுக்கு 1,296 யூனிட்.

இங்கேதான் பலர் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. நம் கட்டணம் படிக்கட்டு போன்றது. முதல் 100 யூனிட் இலவசம், அடுத்தது குறைந்த விலை, ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். அந்த இலவசத்தையும் குறைந்த விலைப் படிகளையும் வீட்டின் விளக்கும் விசிறியும் மிக்ஸியும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. ரிக் இழுக்கும் யூனிட்டுகள் எல்லாம் மேல் படிகளில் போய் உட்காருகின்றன. ஆகவே வீட்டு பில்லின் சராசரி விலையை வைத்து ரிக்கின் செலவைக் கணக்கிடக்கூடாது. ரிக்கால் கூடிய தொகையை மட்டும் பார்க்க வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவாகும் வீடு என்று வைத்துக்கொள்வோம். 2022 செப்டம்பர் தொடக்கம் வரை இருந்த கட்டணத்தில் அந்த வீட்டுக்கு, நிலைக்கட்டணம் நீங்கலாக, 500 ரூபாய் வரும். ரிக்கும் சேர்ந்தால் 1,596 யூனிட். பில் சுமார் 8,964 ரூபாய். ரிக்கால் கூடியது 8,464. நாளுக்கு 141 ரூபாய்.

2022 செப்டம்பர் 10 அன்று புதிய கட்டணம் நடைமுறைக்கு வந்தது. 400 யூனிட் வரை 4.50, 500 வரை 6, 600 வரை 8, 800 வரை 9, 1,000 வரை 10, அதற்கு மேல் 11 ரூபாய். 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு 101 முதல் 200 வரையிலான படியில் மானியம் உண்டு. ரிக் வந்தால் அதுவும் போய்விடும். இதே வீட்டுக்கு ரிக் இல்லாமல் 675 ரூபாய், ரிக்கோடு 13,106 ரூபாய். ரிக்கின் பங்கு 12,431; நாளுக்கு 207 ரூபாய். ரிக்குக்கான ஒரு யூனிட்டின் விலை ஒரே இரவில் 6.53 ரூபாயிலிருந்து 9.59 ரூபாயாகியது. இதற்குப் பிறகும் கட்டணம் உயர்ந்திருக்கிறது.

விவசாய இணைப்பில் மின்சாரம் இலவசம்தானே, அதில் ஓட்டினால் என்ன என்ற யோசனை சிலருக்கு வரும். அருப்புக்கோட்டையில் விசைத்தறி இணைப்புகளும் ஏராளம். அவற்றுக்கு இலவச யூனிட் உண்டு. எந்தப் பயன்பாட்டுக்கு இணைப்பு தரப்பட்டதோ அதற்கு வெளியே மின்சாரத்தைப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. அதற்குரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு வசூலிக்கப்படும். கிணற்றடி மோட்டார் அறையில் இரவு பகலாக ஒரே அளவில் ஓடும் சுமை கண்ணுக்குத் தப்புவது கடினம். தொழிலாகவே செய்ய நினைப்பவர் வணிக இணைப்பு பெறுவதே முறை.

வருமானக் கணக்கு

நல்ல காலத்தில் என்ன கிடைத்தது? எதீரியம் ஒரு தொகுதிக்கு 2 ஈதர் தந்தது. நாளுக்குச் சுமார் 6,500 தொகுதிகள். ஆக 13,000 ஈதர். 2022இன் தொடக்கத்தில் வலையமைப்பின் மொத்த வேகம் ஏறத்தாழ 900 டெராஹாஷ். நம் 180 மெகாஹாஷ் அதில் 50 லட்சத்தில் ஒரு பங்கு. 13,000ஐ 50 லட்சத்தால் வகுத்தால் 0.0026 ஈதர். ஒரு ஈதர் 2,00,000 ரூபாய் என்று கொண்டால் நாளுக்கு 520 ரூபாய். பழைய மின்கட்டணம் 141 ரூபாயைக் கழித்தால் 379.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போது கார்டுகளுக்குத் தட்டுப்பாடு; கேட்ட விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ரிக்குக்கு 2,50,000 ரூபாய் ஆனதென்று வைத்தால், போட்ட பணம் திரும்ப 660 நாள் ஆகும். ஏறத்தாழ 22 மாதம். அதுவும் விலையும் கடினநிலையும் அப்படியே நின்றால்தான். 2022 ஜூனில் ஈதரின் விலை 1,00,000 ரூபாய்க்கும் கீழே போனது.

அடுத்து வந்ததுதான் மேலே சொன்ன இரண்டாவது எடுத்துக்காட்டு. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் மைனிங்கையே கைவிட்டது. பங்குச் சான்று எனும் முறைக்கு மாறி, ஈதரைப் பிணையாக வைப்பவர்களே தொகுதிகளைச் சரிபார்க்கலாம் என்று ஆக்கிக்கொண்டது. இந்த மாற்றத்துக்கு மெர்ஜ் என்று பெயர். இதனால் வலையமைப்பின் மின்செலவு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. கார்டு வைத்திருந்தவர்களின் வருமானம் சுழியமாகியது. தமிழ்நாட்டில் மின்கட்டணம் உயர்ந்த ஐந்தாம் நாள் இது நடந்தது. மாற்றம் வரப்போகிறது என்பது பல ஆண்டுகளாக அறிவிக்கப்பட்டிருந்த ஒன்று. தேதி மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தள்ளிப்போனதையே நம்பி 2022இல்கூடக் கார்டு வாங்கியவர்கள் உண்டு.

எஞ்சிய கார்டுகள் எதீரியம் கிளாசிக், ரேவன்காயின் முதலிய சிறு நாணயங்களுக்குப் பாய்ந்தன. முன்பு சொன்ன விதிதான்: வெளியாகும் நாணயம் அதே அளவு, பங்கு கேட்பவர்கள் பல மடங்கு. எதீரியம் கிளாசிக்கில் தொகுதிக்கு 2.048 நாணயம் என்றும், நாளுக்கு 6,600 தொகுதி என்றும், மொத்த வேகம் 200 டெராஹாஷ் என்றும், ஒரு நாணயம் 2,000 ரூபாய் என்றும் வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நம் ரிக்குக்கு 0.012 நாணயம். நாளுக்கு 24 ரூபாய். மின்சாரத்துக்கு 207 ரூபாய். நாணய விலை எட்டு மடங்கு ஏறினாலும் மின்கட்டணத்துக்கே பற்றாது. அப்படி ஏறினால் இன்னும் பல இயந்திரங்கள் ஓடத் தொடங்கி நம் பங்கு சுருங்கும்.

சூரிய மின்சாரம்

பந்தல்குடியிலிருந்து கிழக்கே போனால் கமுதி. 2016இல் அங்கே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் மின்சாரத்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. கூரையில் 1 கிலோவாட் பலகை நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ரிக்குக்கு 5 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். இரவில் அது வலையமைப்பு மின்சாரத்தைத்தான் இழுக்கும்.

பலகை போட்டாயிற்று, மின்சாரம் இலவசம் என்று எண்ணுவதில் ஒரு பிழை உண்டு. அந்த 21.6 யூனிட்டை ரிக்குக்குக் கொடுத்தால் கிடைப்பது 24 ரூபாய்; யூனிட்டுக்கு ஒரு ரூபாய் சொச்சம். அதே யூனிட் வீட்டு பில்லில் கழிந்தால் மிச்சமாவது அதைவிட அதிகம். கூரையில் பலகை போடுவது நல்ல முதலீடாக இருக்கலாம். அந்த நன்மை பலகையினுடையது, ரிக்கினுடையது அல்ல.

வரியும் சட்டமும்

கிரிப்டோ நிறுவனங்களுக்கு வங்கிச் சேவை தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் விட்ட சுற்றறிக்கையை 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. மைனிங்குக்கு இந்தியாவில் தனித் தடைச் சட்டம் இல்லை. ஆனால் 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோவை விற்றுவரும் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் விற்பனையில் 1 விழுக்காடு முன்பிடித்தம். ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் ஆதாயத்தில் கழிக்க முடியாது. மைனிங் கருவிகளுக்கு ஆன உள்கட்டமைப்புச் செலவு நாணயத்தின் அடக்கவிலையாகக் கொள்ளப்படாது என்று 2022 மார்ச்சில் மக்களவையில் அரசு தெரிவித்தது. 520 ரூபாய் வந்து 141 மின்சாரத்துக்குப் போனாலும் வரி 379க்கு அல்ல, 520க்கு.

இதைவிடப் பெரிய ஆபத்து, ரிக்கே இல்லாத மைனிங். நீங்கள் பணம் மட்டும் கட்டுங்கள், இயந்திரங்களை நாங்கள் வேறு எங்கோ ஓட்டி மாதாமாதம் பங்கு தருகிறோம் என்பதே கிளவுட் மைனிங் திட்டங்களின் பேச்சு. இந்தியாவில் 2015இல் தொடங்கிய கெயின்பிட்காயின் திட்டம் மாதம் 10 விழுக்காடு வீதம் 18 மாதங்கள் தருவதாகச் சொல்லி நாடு முழுவதும் ஆள் சேர்த்தது. பல மாநிலங்களில் வழக்குகள் பதிவாகி, விசாரணை பின்னர் சிபிஐக்குப் போனது. மைனிங்கில் மாதம் இவ்வளவு என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்பது மேலே உள்ள கணக்கிலிருந்தே தெரியும். விலை, கடினநிலை, மின்கட்டணம் மூன்றும் நம் கையில் இல்லை.

பழைய மைனிங் கார்டுகள்

2022க்குப் பிறகு இக்கார்டுகள் பழைய பொருளாகச் சந்தைக்கு வந்தன. சென்னை ரிச்சி தெருவிலும் இணையத்திலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஆர்எக்ஸ் 580 கார்டுகளில் பல ரிக்கில் ஓடியவையே. மாணவர்கள் விளையாட்டுக்கோ காணொளித் தொகுப்புக்கோ வாங்கலாம். குறைந்த மின்னழுத்தத்தில் சீராக ஓடிய சில்லு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். முதலில் கெடுவது விசிறி. கையால் சுழற்றிப் பார்த்து, உரசும் ஓசை வந்தால் விசிறி மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேட்கலாம். வெப்பப் பசை காய்ந்திருக்கும், அதைப் புதிதாகப் பூச வேண்டும். கார்டு இயங்கித் திரையில் படம் வராமல் போனாலோ, விளையாட்டில் அடிக்கடி நின்றாலோ, மைனிங்குக்காக அதன் பயாஸ் மாற்றப்பட்டிருக்க வாய்ப்புண்டு. சில கார்டுகளின் மேல் விளிம்பில் இரண்டாவது பயாஸுக்கான சிறு விசை இருக்கும். கணினியை அணைத்துவிட்டு அந்த விசையை மறுபக்கம் தள்ளிப் பார்த்த பிறகே கார்டைத் திருப்பிக் கொடுப்பதா என்று முடிவெடுக்கலாம்.